தனியாகக் குடிக்காதவர்

அவர் தனியாக எதையும் குடிக்க மாட்டார். கள்ளை மட்டும் சொல்லவில்லை. காப்பி, மோர், வெறும் தண்ணீர் எதுவாக இருந்தாலும் எதிரில் இருப்பவர் கையிலும் ஒரு தம்ளர் வர வேண்டும். அந்த ஆள் அதை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கப்புறம்தான் இவர் தன்னுடையதைத் தொடுவார். அதுவரை இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, பந்தியில் இலை போட்டுவிட்டுப் பரிமாற மறந்துபோன ஆளைப் போல உட்கார்ந்திருப்பார். முதல் நாள் இதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் போனதும் ஏதோ வியாதி என்று முடிவு கட்டினேன்.

அவர் பெயர் எங்கள் காலனியில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. தொரை என்றார்கள், அதோடு சரி. எனக்கு அந்தப் பெயர் நன்றாகவே சொல்ல வரும். ஆனால் என்னைப் பற்றி மட்டும் தனியாக எழுதாதே, உன் அம்மாவையும் சேர்த்து எழுது என்றுதான் அவர் சொல்லியிருப்பார். அம்மா தன் பெயர் எங்கேயும் அச்சில் வருவதை விரும்பாதவள். எனவே இரண்டு பெயருமே வேண்டாம்.

பெல்ஜியம் நாட்டுக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். எங்கள் வெயிலுக்கு அவருடைய காது மடல்கள் இரண்டும் எப்போதும் சிவந்து உரிந்துகொண்டே இருக்கும். பீர் எப்படிப் புளிக்கிறது என்பதைப் படித்தே பேராசிரியர் ஆனவர். எழுபதாம் வருடம் வாக்கில், நம் பனங்கள் எப்படிப் புளிக்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு வருடம் தங்க வந்தார். நான் அப்போது சென்னையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர். தினமும் கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து ரயிலில் போய் வருகிறவன் என்பதால், அந்தப் பக்கத்துப் பனைமரமெல்லாம் எனக்குப் பங்காளி என்று எங்கள் துறைத் தலைவர் நினைத்துக்கொண்டார். இவரை என் தலையில் கட்டிவிட்டார். தங்க இடம் கிடைக்காமல், எங்கள் வீட்டு முன்னறையே அவருக்கு என்று ஆனது.

இந்தச் செய்தியை வீட்டில் சொன்னபோது அம்மாவுக்கு முதலில் விளங்காதது அவருடைய லீவு. ஆறு வருடம் பாடம் நடத்தினால் ஏழாவது வருடம் வகுப்பே எடுக்க வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் போய் ஆராய்ச்சி செய்துகொள், சம்பளம் வரும் என்று அவருடைய ஊரில் வழக்கம் என்றேன். அம்மா வெகுநேரம் யோசித்தாள். ஏழாவது வருடம் நிலத்தை உழாமல் சும்மா போடச் சொல்லி வேதத்தில் இருப்பதாக மாதா கோயில் சாமியார் ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னாராம். வாத்தியாரும் ஒருவகையில் நிலந்தான் என்று சொல்லி, அந்த விஷயத்தை ஏற்றுக்கொண்டாள்.

இரண்டாவது விஷயத்தைத்தான் அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. என் அப்பா ரயில்வே கேங்கில் வேலை பார்த்தவர். ஊரில் மதுவிலக்கு இருந்தும் சவுக்குத் தோப்புக்குள் விற்ற சாராயத்தைக் குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அதற்குப் பிறகு அம்மா பனைவெல்லம் காய்ச்சுகிற கொட்டகையில் கலயம் கழுவிச் சுண்ணாம்பு பூசும் வேலைக்குப் போனாள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசிக் கட்டினால் இறங்குவது பதநீர். பூசாமல் கட்டினால் அது கள், அதற்கு ஜெயில். அந்தச் சுண்ணாம்பில்தான் நான் பி.எஸ்ஸி. வரை படித்தேன். அவளுடைய விரல் நுனிகள் கடைசிவரை வெடித்தே இருந்தன.

அப்படிப்பட்டவளிடம் போய், கள்ளை ஆராய்ச்சி செய்கிற ஒருவர் நம் வீட்டில் ஒரு வருடம் இருக்கப் போகிறார் என்று சொன்னால் எப்படி இருக்கும். அவர் வந்து இறங்கிய அன்று அம்மா கதவுக்குப் பின்னால் நின்றபடியே என்னிடம் சொன்னாள்.

"தொரைகிட்ட சொல்லிடு நைனா. அந்தச் சனியன் இந்த ஊட்டு வாசப்படி ஏறக்கூடாது. உனக்கு ஊத்திக் குடுக்கவும் கூடாது. ஒத்துக்கினா இருக்கட்டும், இல்லன்னா வேற எடம் பாத்துக்கட்டும்."

நான் கொஞ்சம் நாசூக்காக மொழிபெயர்க்கப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உன் அம்மா இவ்வளவு நீளமாகச் சொன்னார், நீ ஏன் இவ்வளவு சின்னதாகச் சொல்கிறாய் என்று கேட்டார். முழுசாகச் சொன்னேன். கதவுப் பக்கம் திரும்பி, தலையை நன்றாகக் குனிந்து, சரி என்றார். அந்தச் சரியை அவர் தேவைக்கு மேலேயே காப்பாற்றினார் என்பதுதான் பிற்பாடு வினையாக முடிந்தது. கள் வீட்டுக்குள் வரவில்லை என்பதோடு நிற்கவில்லை. கள் என்கிற பேச்சையே வீட்டுக்குள் எடுக்க மாட்டார். நானும் எடுக்கக் கூடாது. எங்கள் வேலையைப் பற்றி என்ன பேசுவதானாலும் படலைத் தாண்டி ரோட்டுக்குப் போய்த்தான் பேசுவோம்.

சாயங்காலம் அம்மா டீ போட்டுத் தருவாள். வெள்ளைக்காரர் எதிரில் உட்கார்ந்து குடிப்பது அவளுக்கு நினைத்தே பார்க்க முடியாத காரியம். இவரோ தனியாகக் குடிக்க மாட்டார். நான் இருந்தால் பிரச்சினை இல்லை. நான் கல்லூரியிலிருந்து வர நேரமாகிற நாட்களில் டீ ஆறி ஏடு கட்டிப்போகும். கடைசியில் இருவரும் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அம்மா தன் தம்ளரோடு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். அவள் ஒரு வாய் உறிஞ்சுகிற சத்தம் இந்தப் பக்கம் கேட்கும். அதைக் கேட்டதும் இவர் தம்ளரை எடுப்பார். சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக அம்மா கொஞ்சம் பலமாகவே உறிஞ்சப் பழகிக்கொண்டாள்.

அவருடைய ஊரில் பீர் காய்ச்சுவதில் பெயர் போனவர்கள் மடத்துச் சாமியார்கள் என்று ஒருநாள் அவரே கதவைப் பார்த்துச் சொன்னார். பீர் என்கிற பேச்சு நிபந்தனையில் வராது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நான் மொழிபெயர்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா எங்கள் பங்குச் சாமியாரை ஒரு தினுசாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அவர் எதற்காக இவ்வளவு தூரம் வந்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கேள்வி ஒன்றுதான். பனையிலிருந்து சொட்டும்போது தேனாக இருப்பது, கலயத்தில் விழுந்ததும் நுரைத்துக் கள்ளாகிறதே, அதைப் புளிக்க வைக்கிற அந்த ஈஸ்ட் எங்கிருந்து வருகிறது? பாளையிலேயே இருக்கிறதா, காற்றில் வருகிறதா, இல்லை வருடக்கணக்கில் கள்ளில் ஊறிய பழைய கலயத்திலேயே குடியிருக்கிறதா? இதைப் பார்க்க வேண்டுமென்றால் கள்ளே படாத புதுக் கலயத்தை, கள்ளே இறக்காத ஒரு மரத்தில் கட்டி, முதல் தடவை இறங்குவதை எடுக்க வேண்டும். சுண்ணாம்பு படாத ஒரே ஒரு புதுக் கலயம். அதற்காகத்தான் அந்த வருடம் முழுவதும்.

எங்கள் பக்கம் அப்போது மதுவிலக்கை இன்னும் எடுத்திருக்கவில்லை. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரா, அங்கே எடுத்துவிட்டார்கள். எனவே வாரத்தில் பாதி நாள் தடாவிலும் சூளூர்ப்பேட்டையிலும்தான் கிடந்தோம். அவர் பழைய சைக்கிள் ஒன்று வாங்கிக்கொண்டார். பின்னால் கேரியரில் மரப்பெட்டிக்குள் மைக்ராஸ்கோப். கள்ளுக்கடையின் பின்கட்டில் பெஞ்சுமேல் அதை வைத்துப் பார்ப்பார். குளிர்காலத்தில் ஈச்சங்கள், வெயில் காலத்தில் பனங்கள். பார்த்து முடித்ததும் கடைக்காரரையும் வரிசையில் நிற்கிறவர்களையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார். தான் மட்டும் பார்ப்பதும் அவருக்குத் தனியாகக் குடிப்பது மாதிரிதான் போல. ஒருவர் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, உருண்டை உருண்டையா மொட்டு வுட்டுகினு கீதே, இதையா இத்தினி நாளா முழுங்கிகினு இருந்தேன் என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் திரும்பி வந்துவிட்டார்.

வேலை முடிந்த பிறகு அவர் குடிப்பார். ஒளிவு மறைவு கிடையாது. ரசித்துக் குடிப்பார். இந்த மரத்துக் கள்ளில் பலாவாசனை, அந்த ஊர்க் கள்ளில் தோல்வாசனை என்று தன் ஊர் பீரோடு ஒப்பிட்டுப் பிரசங்கமே செய்வார். ஆனால் அதற்கு முன்னால் எனக்கு ஒரு கோலி சோடா வந்தாக வேண்டும். அவருடைய மண் குவளையும் என்னுடைய சோடா பாட்டிலும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்ட பிறகுதான் முதல் மிடறு. கடையில் உள்ளவர்கள் சும்மா இருப்பார்களா? ரெண்டு வாய் ஊத்திக்கோ நைனா, இன்னா பொம்பள மாதிரி என்று என் முன்னால் குவளையைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர் பேச்சை நிறுத்தாமலேயே தன் உள்ளங்கையை அந்தக் குவளையின் வாய்மேல் வைத்து மூடிக்கொள்வார். ஊற்ற வந்தவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அந்த வருடம் முழுவதும் அவர் என்னிடம் ஒரு தடவைகூட, சும்மா ருசி பார் என்று சொன்னதில்லை. படித்தவர்கள், பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர் பிற்காலத்தில் எனக்கு அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆந்திராப் பக்கத்தில் புதுக் கலயம் கட்டிப் பார்க்காமலா இருப்பார்? கட்டிப் பார்த்தார். பனையேறுகிறவர்கள் நல்லவர்கள், அதுதான் தொந்தரவு. தொரை ஆசையாக ஒரு கலயம் கொடுத்திருக்கிறாரே, மண்வாசனை அடித்தால் நன்றாகவா இருக்கும் என்று, மரம் ஏறுவதற்கு முன் பழைய கள்ளைக் கொஞ்சம் அதில் ஊற்றிக் கலக்கிக் கொட்டிவிட்டுத்தான் கட்டுவார்கள். கலயத்துக்கு ருசி பழக்குவது என்று அதற்குப் பெயர். எவ்வளவு சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பழக்கிவிடுவார்கள். அப்புறம் அந்த ஈஸ்ட் எங்கிருந்து வந்தது என்று யார் கண்டது? இருபது வருடத்துக்கு மேலாகக் கள் இறங்காத எங்கள் பக்கத்தில்தான் இதைச் செய்ய முடியும் என்று தெரிந்து, சர்க்கார் அனுமதிக்கு விண்ணப்பம் போட்டார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றைப் பனையை அதற்காகப் பார்த்தும் வைத்தார். விண்ணப்பம் ஆபீஸ் ஆபீஸாகச் சுற்றப் போய்விட்டது.

டீக்கடை சங்கதிதான் எனக்கு அவர்மேல் முதலில் கோபத்தையும் பிறகு மதிப்பையும் கொண்டுவந்தது. ஜி.என்.டி. ரோட்டு ஓரத்தில் ஒரு கடை. அவருக்குக் கண்ணாடி கிளாஸில் டீ வந்தது. எனக்கு, வெளியே ஆணியில் தொங்கிய நசுங்கின அலுமினியத் தம்ளரை நானே எடுத்துக் கழுவி நீட்ட, அதில் ஊற்றினார்கள். இடித்துக்கொள்வதற்காகத் தன் கிளாஸை நீட்டியவர் அப்படியே நிறுத்தினார். உன்னுடையது ஏன் வேறு என்று கேட்டார். எங்கள் தெருக்காரர்களுக்கு இதுதான் என்றேன். சொல்லும்போதே எனக்கு எரிச்சல். இதையெல்லாம் வெளிநாட்டானுக்கு விளக்கிக்கொண்டிருப்பது யாருக்குப் பிடிக்கும்? அவர் கிளாஸைக் கீழே வைத்தார். அதைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த முறை அவர் பையிலிருந்து இரண்டு எனாமல் குவளைகள் வெளியே வந்தன. வெள்ளை, விளிம்பில் நீலம். ஒன்றுக்கொன்று வித்தியாசமே கிடையாது. இதில் ஊற்றுங்கள் என்று இரண்டையும் சேர்த்து நீட்டினார். கடைக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஊற்றினார். இடித்துக்கொண்டு குடித்தோம். வெளியே வந்ததும் நான் அவரிடம் கொட்டித் தீர்த்துவிட்டேன். நீங்கள் நாளைக்கு விமானம் ஏறிவிடுவீர்கள், நான் இதே கடை வாசலில்தான் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும் என்றேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். நீ சொல்வது சரி, உன்னைக் கேட்டிருக்க வேண்டும் என்றார். பிறகு, இன்னொரு தடவை போகலாமா வேண்டாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும் என்றார். நான் வாரக்கணக்கில் யோசித்தேன். அப்புறம் போகலாம் என்று சொன்னேன். அதன்பின் அந்த இரண்டு குவளைகளும் எங்களோடு எல்லா இடத்துக்கும் வந்தன.

அவரோடு போவதில் பேஜாரும் உண்டு. பழவேற்காட்டில் ஒருநாள் ஏரியின் அந்தக் கரையில் உள்ள பனந்தோப்புக்குப் படகில் போனோம். குவளைகளைக் கரையில் சைக்கிள் பையிலேயே விட்டுவிட்டோம். நல்ல வெயில். படகில் ஒரு குடம் தண்ணீர், ஒரே ஒரு கொட்டாங்கச்சி. படகோட்டி வந்த மீன்பிடிக்கிற அண்ணன் தண்ணீரை மொண்டு முதலில் இவரிடம் நீட்டினார். விருந்தாளி குடிக்காமல் படகுக்காரர் குடிப்பது அவர்கள் வழக்கம் இல்லை. இவரோ அடுத்தவர் கையில் தண்ணீர் இல்லாமல் குடிக்க மாட்டார். அவர் நீட்ட, இவர் மறுக்க, தண்ணீர் பாதி சிந்திப்போயிற்று. அந்த அண்ணன் துடுப்பைக் கீழே வைத்துவிட்டார். நாக்கு வறண்டுபோய் மூவரும் ஏரி நடுவில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கொட்டாங்கச்சியைப் பிடுங்கி இவர் கையில் கொடுத்துவிட்டு, குடத்தை அப்படியே தூக்கி அந்த அண்ணனின் குவித்த கைகளில் ஊற்றினேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குடித்தார்கள். எனக்குக் கடைசியில் குடத்தின் அடியில் இருந்த மண்டிதான். அந்த அண்ணன் அதற்குப் பிறகு இவரைத் தன் வலையில் விழுந்த நல்ல மீனெல்லாம் கொடுத்து உபசரித்தார்.

தமிழும் கற்றுக்கொண்டார். எங்கள் காலனித் தமிழ்தான், வேறு எதுவும் அவர் காதில் விழவில்லையே. சென்னையில் ஒரு விருந்தில் எங்கள் துறைத் தலைவரைப் பார்த்து, இன்னாபா, சொகமா கீறியா என்று வாய் நிறையக் கேட்டார். தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அதே விருந்தில், வெளியே காரில் இருந்த டிரைவருக்குக் காப்பி போகும்வரை தன் காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். தலைவரே எழுந்துபோய் டிரைவருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. மறுநாள் அதற்கான திட்டு எனக்குத்தான் கிடைத்தது.

அனுமதி வந்து சேர்ந்தபோது அவர் கிளம்ப டிக்கெட் வாங்கியாகிவிட்டது. பனையும் ஓய்கிற பருவம். அவர் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் ஒரு குதி குதித்தார். ஐம்பது வயதுக்காரர் குதிப்பதை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை. பக்கத்து ஊர்ப் பனையேறி ஒருவரைப் பிடித்தோம். பாளையை நசுக்கிக் கட்டி, தினமும் சீவிச் சீவிப் பக்குவம் செய்யவே நாள் போய்விட்டது. கிளம்புவதற்கு முந்தின நாள்தான் சொட்ட ஆரம்பித்தது. அன்று மாலை கலயம் கட்டினால் விடியற்காலையில் இறக்கலாம். சீசாவில் அடைத்து அப்படியே விமானத்தில் கொண்டுபோகலாம். இதை விட்டால் அடுத்த லீவுக்கு ஆறு வருடம்.

பக்கத்தில் இருக்கும் ஆரணிச் சந்தைக்கு அவரே போய்த் தட்டிப் பார்த்துப் புதுக் கலயம் வாங்கி வந்தார். கொல்லையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதில் கலயத்தைப் போட்டெடுத்து, வெந்நீரில் அலசிய துணியால் வாயைக் கட்டிக் கவிழ்த்துவைத்தார். பனையேறியிடம் ரோட்டில் வைத்து ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னோம். வீட்டில் கலயம் இருக்கும், எப்படி இருக்கிறதோ அப்படியே கொண்டுபோய்க் கட்ட வேண்டும், உள்ளே எதையும் ஊற்றக்கூடாது. ஆந்திராவில் பட்ட பாடு அப்படி. பிறகு சீசாக்கள் வாங்கவும் கல்லூரியில் சொல்லிக்கொள்ளவும் இருவரும் சென்னைக்குப் போனோம்.

விடியற்காலையில் மரத்தடியில் நின்றோம். பனையேறி கலயத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கி அவர் கையில் கொடுத்தார். அவர் துணியை அவிழ்த்து உள்ளே பார்த்தார். முகர்ந்தார். அப்படியே நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். நுரை இல்லை. கலயத்தின் உட்புறம் வெள்ளைவெளேர் என்று சீராகப் பூசின சுண்ணாம்பு. குடுத்தத அப்டியே கட்டச் சொன்னீங்க, கட்டினேன் என்றார் பனையேறி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இத்தனை வருடமாக அவர் கட்டியதெல்லாம் சுண்ணாம்பு பூசிய கலயந்தானே.

அம்மா பின்வாசல் வழியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

"நல்ல வேளை நான் பாத்தேன். சுண்ணாம்பே பூசாம கவுத்து வெச்சிருந்தீங்களே. போலீஸ்காரன் கண்ணுல பட்டிருந்தா இன்னா ஆவறது? நான்தான் நைனா பூசிக் குடுத்தேன். ஊருக்குப் போறதுக்கு மின்னாடி தொரைக்கு நம்ம ஊட்டுப் பதநீ குடிக்க ஆசை போலகீது."

அவளுக்கு எப்படித் தெரியும்? எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டினால் கள், இந்தப் பக்கம் கட்டினால் பதநீர். அவளுக்குத் தெரிந்த உலகம் அது. நாங்கள் ஒரு வார்த்தை வீட்டுக்குள் பேசியிருந்தால் போதும். அவளுக்குக் கொடுத்த வாக்கை மதித்து ஒரு வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம். அம்மா என்று கத்த வாயெடுத்தேன். அவருடைய உள்ளங்கை என் தோள்மேல் வந்து அழுத்தியது. கள்ளுக்கடையில் குவளையின் வாயை மூடுமே, அதே கை.

எங்கள் முகத்தைப் பார்த்து அம்மாவின் சிரிப்பு குறைந்தது. "இன்னா தொரை, சுண்ணாம்பு தூக்கலா போச்சா?"

"இல்லம்மா. சரியா கீது," என்றார்.

கட்டி வைத்திருந்த பையைத் திறந்து அந்த இரண்டு எனாமல் குவளைகளையும் எடுத்தார். கொல்லையில் துணி துவைக்கிற கல்மேல் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கலயத்திலிருந்து ஊற்றினார். எந்தக் கலயத்துக்காகக் கடல் தாண்டி வந்தாரோ அதிலிருந்து. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. ஒன்றை அம்மாவிடம் நீட்டிவிட்டு, தன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மறைந்துகொள்ள அங்கே கதவு இல்லை. அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கல்லின் அந்த ஓரத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். குவளைகள் இடித்துக்கொண்டன. அம்மா பழக்கத்தில் சத்தமாக உறிஞ்சினாள்.

அவர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கிதாம்மா நாம ரெண்டு பேரும் எதிர எதிர குந்திகினு குடிக்கிறோம்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் முகத்தில் இருந்ததை அவள் ஊருக்குப் போகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டாள், அதுவும் உண்மைதான். அதற்குப் பிறகு பதநீர்ப் பருவம் வரும்போதெல்லாம், பெல்ஜியத்துத் தொரை என் கையால் சுண்ணாம்பு பூசின கலயத்துப் பதநீரைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் ஆமாம் என்பேன். அவள் போகும்வரை ஆமாம் என்றுதான் சொன்னேன்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் வண்டி வர நேரம் இருந்தது. வழியெல்லாம் காலியான சீசாக்கள் பெட்டிக்குள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். வெகுநேரம் கழித்துக் கையை எடுத்தபோது கண்கள் காது மடல்களைப் போலவே சிவந்திருந்தன. ஸ்டேஷன் டீக்கடையில் அந்த எனாமல் குவளைகளை நீட்டி டீ வாங்கி வந்தேன். அவருக்கு அப்போது சூடாக ஏதாவது உள்ளே போக வேண்டியிருந்தது. பார்த்தாலே தெரிந்தது.

அவர் தன்னுடையதைத் தொடவில்லை. கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். எனக்கும் என்னுடையதைத் தொட மனம் இல்லை. அம்மாமேல் கோபம், சர்க்கார்மேல் கோபம், இந்த மனிதர்மேல் அதைவிடக் கோபம். ஒரு நாளாவது தனக்கென்று தனியாக ஒரு வாய் குடித்துவிட்டு அழக் கூடாதா இவர்?

குடிக்க மாட்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது. எளாவூர்ப் பக்கம் வண்டியின் புகை தெரிந்தது. அவர் என் குவளையைப் பார்த்தபடி காத்திருந்தார்.

நான் எடுத்துக் குடித்தேன்.